கதிரைத் தேய்த்துவிட்டால் நாணயத்தில் என்ன மிஞ்சும்?

பற்பசை போட்டுத் தேய்த்த அமெரிக்கக் கோதுமைக்கதிர் சென்ட் நாணயம் இன்னொன்று மதிப்பீட்டுக்கு வந்திருக்கிறது. பின்பக்கத்து இரண்டு கதிர்களும் வழுவழுவென்று இரண்டு வளைகோடுகளாகிக் கிடக்கின்றன. கேட்டால், "அழுக்கைத்தானே எடுத்தோம்" என்கிறார்கள். இல்லை, நீங்கள் எடுத்தது நாணயத்தின் மேல்தோல்.

பயிர் பொறித்த நாணயங்களுக்கு இது இரட்டைச் சேதம். அமெரிக்காவில் 1909 முதல் 1958 வரை வெளிவந்த இந்த சென்டின் (19 மி.மீ., 3.11 கிராம், 95% செம்பு) பின்பக்கத் தரத்தை கதிர்களின் கோடுகளை வைத்தே நிர்ணயிக்கிறோம். அந்தக் கோடுகள் தலைமயிர்போல மெல்லியவை. பையில் பல வருடம் புரண்டு தேயவேண்டியது, பற்பசையில் சில நிமிடத்தில் போய்விடுகிறது.

"பளபளத்தால் மதிப்பு கூடும்" என்ற நம்பிக்கையை எத்தனை முறை மறுத்தாலும் அது ஓயவில்லை. பளபளப்பில் இரண்டு வகை உண்டு. அச்சடிக்கும்போது உலோகம் நகர்ந்து உண்டாகும் பளபளப்பு ஒன்று: ஒற்றை விளக்கின்கீழ் நாணயத்தை மெல்லச் சாய்த்தால் ஒளிப்பட்டைகள் சக்கரத்தின் ஆரங்கள்போல் சுழலும். தேய்த்து வந்த பளபளப்பு சுழலாது, முழுப் பரப்பும் ஒரே மாதிரி மினுங்கும். 10 மடங்கு பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் கீறல்கள் தெரியும். இன்னொரு அடையாளம் கதிரிலேயே இருக்கிறது: வெளி வெளுத்திருக்கும், மணிகளுக்கு இடையில் மட்டும் கறுப்பு தங்கியிருக்கும். துணி அங்கே எட்டாது. குக் தீவுகளின் பழைய 1 சென்டில் உள்ள சேப்பங்கிழங்கு இலையின் நரம்போரங்களும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். செம்பின் பழுப்பு நிறம் அழுக்கல்ல, அது உலோகத்தின் காப்பு. போன பழுப்பு பழையபடி திரும்பாது. சில மாதங்களில் திட்டுத்திட்டாக ஆரஞ்சு நிறம்தான் ஏறும். அதை எந்த மதிப்பீட்டாளரும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

எலுமிச்சைச் சாறும் வினிகரும் எல்லா உலோகத்துக்கும் பொது மருந்து என்று எண்ணாதீர்கள். நெற்கதிர் பொறித்த ஜப்பானின் 5 யென் பித்தளை. அமிலம் அதிலுள்ள துத்தநாகத்தை முதலில் கரைக்கும். செம்பு மட்டும் மிஞ்சி இளஞ்சிவப்புத் திட்டு விழும். இத்தாலியின் 10 லிரா (1951 முதல் வந்தது) அலுமினியக் கலவை, சலவைச்சோடா பட்டால் அரித்துவிடும். கோதுமைக்கதிர் சென்டிலேயே 1943ஆம் ஆண்டினது மட்டும் துத்தநாகம் பூசிய எஃகு. பூச்சு போன இடத்தில் துரு கிளம்பும். இதை மறுபடி பூசிப் புதிதுபோல் விற்பவர்கள் உண்டு, கவனம். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1968இல் தொடங்கிய நாணயத் திட்டத்தில் வந்தவற்றுள் பல அலுமினியம், வெண்கலம், பித்தளை ஆகியவற்றில் அடித்த சிறு மதிப்பு நாணயங்கள்தாம். கரைசலில் போட்டால் தாங்காது.

தென் இத்தாலியில் இருந்த பழைய கிரேக்க நகரமான மெட்டபோன்டத்தின் கதிர் பொறித்த வெள்ளிக் காசுகளைக் கையில் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அந்த வெள்ளி காலப்போக்கில் உள்ளுக்குள் நொறுங்குதன்மை அடைந்திருக்கலாம். கீழே விழுந்தால் உடையும், அழுத்தினால் பிளக்கும். தயவுசெய்து தொடவே வேண்டாம். (அதிலிருப்பது கோதுமையல்ல, பார்லி. நீண்ட மீசைகளைப் பாருங்கள்.)

1943இல் தவறுதலாகச் செம்பில் அடித்த சென்ட் மிக அரிது. "கிடைத்துவிட்டது" என்பவர்கள் முதலில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் அது செம்பு பூசிய எஃகு. ஒட்டாவிட்டாலும் ஆண்டின் கடைசி எண்ணைப் பாருங்கள். 1948இன் எட்டைச் சுரண்டி மூன்றாக்குவது பழைய வேலை. இதுபோலத் தேடப்படும் இன்னொன்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்காக 2004இல் வந்த கால் டாலர். அதில் சோளக்கதிரின் அருகே கூடுதல் இலை தெரிவது டென்வர் அச்சகத்தின் D குறியுள்ளதில்தான். அந்தக் கோடு புடைத்திருக்க வேண்டும். குழிந்திருந்தால் அது வெறும் கீறல்.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். துடைக்காமல், மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். பிசுபிசுப்பான பச்சைப் படலம் பழைய பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து கசிந்தது. அதற்குத் தூய அசிட்டோன் மட்டும். நகப்பூச்சு அகற்றி வேண்டாம், அதில் வேறு சேர்க்கைகள் இருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் சில நிமிடம் வையுங்கள், புதிய அசிட்டோனில் ஒருமுறை முக்குங்கள், தானாக உலரட்டும். சன்னலைத் திறந்துவையுங்கள், அருகில் நெருப்பு கூடாது. பொடிபோல் உதிரும் வெளிர்பச்சை வேறு நோய். அதைத் தனியே பிரித்து, பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். பாலியெஸ்டர் உறை, சிலிக்கா ஜெல், உலர்ந்த இடம் போதும். அட்டை உறையிலிருந்து எடுக்கும்போது ஸ்டேப்ளர் பின்னை முழுதும் கழற்றிய பிறகே நாணயத்தை வெளியே எடுங்கள். பாதி கழன்ற ஸ்டேப்ளர் பின்னின் முனைதான் பெரும்பாலும் கதிரைக் கீறுகிறது.