செக்யூலரைசேஷன்: சமயச்சார்பு நீக்கலா, நீங்கலா?

'செக்யூலரைசேஷன்' என்பதை 'மதநீக்கம்' என்று எழுதினால் பொருள் பிசகிவிடும். மதத்தையே ஒழிப்பது இச்சொல்லின் கருத்தன்று. அரசு, கல்வி, சட்டம், நிலவுடைமை முதலியவற்றின்மீது சமய நிறுவனங்களுக்கு இருக்கும் பிடி அகல்வதையே இது குறிக்கிறது.

இதன் வேர் 'சேக்குலம்' என்னும் இலத்தீன் சொல். ஒரு தலைமுறை அல்லது ஒரு நீண்ட காலப்பகுதி என்பதே அதன் பழம்பொருள். கிறித்தவத் திருச்சபை அதனை நிலையான மறுமைக்கு எதிரான, காலத்துக்கு உட்பட்ட இம்மை உலகம் என்னும் பொருளில் ஆண்டது. நூற்றாண்டைக் குறிக்கும் 'சியேக்ல்' என்னும் பிரெஞ்சுச் சொல் துறவிகள் விட்டுவிலகும் உலக வாழ்வையும் குறிப்பது இந்த வழியில்தான். நம் 'சமயம்' என்ற சொல்லுக்கும் காலம் என்றொரு பொருள் இருக்க, அங்கே காலத்தைக் குறித்த சொல்லே சமயத்துக்கு எதிர்நிலையாக வளர்ந்தது வியப்புக்குரியது.

திருச்சபைச் சட்டத்தில், துறவற வாக்குகளிலிருந்து ஒருவரை விடுவித்து உலக வாழ்வுக்கு அனுப்புவதையே 'செக்யூலரைசேஷன்' என்னும் சொல் குறித்தது. பின்னர், திருச்சபையின் உடைமைகள் அரசர் கைக்கு மாறுவதையும் இப்பெயரால் அழைத்தனர். 1803-இல் ரேகன்ஸ்பர்க் நகரில் எடுக்கப்பட்ட முடிவால் செருமானிய நாடுகளில் திருச்சபை ஆயர்கள் (பிஷப்புகள்) ஆண்ட சிற்றரசுகள் ஏறத்தாழ அனைத்தும் மறைந்தது இதற்குப் பெருஞ்சான்று. பிரான்சில் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுத் தொடக்கப்பள்ளிகளிலிருந்து சமயப் பாடத்தை அகற்றியது. 1905-ஆம் ஆண்டுச் சட்டம் திருச்சபையையும் அரசையும் பிரித்தது. ஹோலியோக் என்னும் ஆங்கிலேயர் 1851 அளவில் உருவாக்கிய 'செக்யூலரிசம்' ஒரு கொள்கையின் பெயர். அதற்கு 'மதச்சார்பின்மை', 'சமயச்சார்பின்மை' என்னும் சொற்கள் தமிழில் வேரூன்றிவிட்டன. ஆனால், '-இன்மை' ஒரு நிலையைச் சொல்லுமேயன்றி, அந்நிலையை நோக்கிய மாற்றத்தைச் சொல்லாது.

அம்மாற்றத்துக்குத் தமிழ் இலக்கணமே நல்ல வழி காட்டுகிறது. சட்டமியற்றி ஒருவர் செய்வதும், கல்வியும் நகர வாழ்வும் பெருகுகையில் யாரும் ஆணையிடாமலே சமூகத்தில் நிகழ்வதும் 'செக்யூலரைசேஷன்' என்னும் அந்த அயற்சொல்லில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. நமக்கோ 'நீக்கு' பிறவினை, 'நீங்கு' தன்வினை. ஆகவே, முன்னதைச் 'சமயச்சார்பு நீக்கல்' என்றும் பின்னதைச் 'சமயச்சார்பு நீங்கல்' என்றும் வழங்கலாம். 'மத' என்பதைவிடச் 'சமய' என்பதையே நான் விரும்புகிறேன். மதம் என்ற சொல் கொள்கை, கருத்து என்றும் பொருள்படும். நன்னூல் கூறும் 'எழுவகை மதம்' அப்பொருளதே.

'உலகியல்மயமாதல்' என்ற ஆக்கமும் மூலச்சொல்லின் வேருக்கு நெருக்கமானது. தொல்காப்பியமே 'உலகியல் வழக்கு' என்று பேசுகிறது. எனினும், எதிலிருந்து விலகுகிறது என்பதை அது உணர்த்தாததால், வரலாற்று நூல்களுக்குச் 'சார்பு' என்னும் சொல் அமைந்த தொடரே பொருத்தம். துறவியரைப் பற்றிய பழைய திருச்சபைப் பொருளுக்கு மட்டும் இவை எவையும் பொருந்தா. அங்கே 'துறவற வாக்கிலிருந்து விடுவித்தல்' என்று விரித்தெழுதுவதே முறை.