கமரோனின் குரலில் அந்தப் பிசிறு எப்படி வருகிறது?

தெற்கு ஸ்பெயினின் இசை மரபான ஃபிளமெங்கோவில், பாடகர் பாட ஆரம்பித்ததும் பெரும்பாலும் பாட்டு வராது. ‘ஆய்…’ என்று ஒரு நீண்ட இழுப்புதான் வரும். அந்த இழுப்பிலேயே அவர் சுருதியைப் பிடித்துத் தொண்டையைப் பதப்படுத்திக்கொள்கிறார். ஃபிளமெங்கோ பாடகர் கமரோன் தெ லா இஸ்லாவின் ஏதாவது ஒரு பதிவைக் கேட்டுப் பாருங்கள். குரல் உச்சிக்குப் போகும். போகும்போதே ஓரங்களில் பிசிறடிக்கும். புகையும் குடியும் கொடுத்த கரகரப்பு என்று இதைச் சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்தப் பிசிறு நன்றாகப் பழக்கிய தசைகளின் வேலை.

ஹொசே மொன்ஹே குரூஸ் என்ற கமரோன், 1950 டிசம்பரில் தெற்கு ஸ்பெயினின் சான் பெர்னாண்டோவில், ரோமா (ஜிப்சி) குடும்பம் ஒன்றில் பிறந்தார். அப்பா கொல்லர். கொல்லுப்பட்டறையோடு சேர்த்துச் சொல்லப்படும் மார்டினெத்தே என்ற பாட்டு வகைக்குக் கிதார்கூடக் கிடையாது, குரல் மட்டும்தான். அப்பா சீக்கிரமே இறந்துபோக, பையன் ஊரில் இருந்த வென்டா தெ வர்காஸ் விடுதியில் பாட ஆரம்பித்தான். இந்த மாதிரி இடங்களில் கைதட்டல், காலடி, கிதார் எல்லாவற்றையும் தாண்டிக் குரல் கேட்க வேண்டும்.

அது எப்படி முடிகிறது? நுரையீரலில் இருந்து வரும் காற்று, குரல்வளையில் இருக்கும் இரண்டு குரல் மடிப்புகளைத் திறந்து மூட வைக்கிறது. ஆண்கள் பேசும்போது இது விநாடிக்குச் சுமார் 100 முறை நடக்கும். உச்ச ஸ்தாயியில் 300, 400 வரை போகும். மடிப்புகள் இறுக்கமாக மூடினால் காற்று சட்டென்று வெட்டுப்படும். அந்த வெட்டு எவ்வளவு கூர்மையோ, அவ்வளவு வலுவாக மேல்நிலை அதிர்வெண்கள் கிளம்பும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியில். சத்தத்தின் நடுவிலும் குரல் தனியாகத் தெரிவது இதனால்தான்.

‘ஆ’வுக்கும் இதில் பங்கு உண்டு. வாயை அகலத் திறந்தால் வாய்க்குழியின் முதல் ஒத்ததிர்வு 700, 800 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. 350 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை பாடினால் அதன் இரட்டிப்பு சரியாக அங்கே போய் விழும், ஒலி பெருகும். வயல்வெளியின் அந்தக் கோடியில் நிற்பவரை நாம் கூவிக் கூப்பிடும்போது நடப்பதும் இதே கணக்குதான்.

சரி, பிசிறு? குரல் மடிப்புகளுக்கு மேலே இன்னொரு ஜோடி உண்டு, போலி மடிப்புகள். பேசும்போது அவை ஒதுங்கியே இருக்கும். குரல்வளையை இறுக்கினால் நெருங்கி வந்து அவையும் அதிரலாம், ஆனால் மெதுவாக: கீழே இரண்டு அதிர்வுக்கு மேலே ஒன்று என்பது போல. கீழே 300 என்றால் மேலே 150. அதனால் ஒலி விநாடிக்கு 150 முறை ஏறி இறங்குகிறது. மனித அலறலின் கரகரப்பும் 30 முதல் 150 வரையிலான இதே எல்லைக்குள்தான் வருகிறது. அதைக் கேட்டதும் மூளையில் ஆபத்தைக் கவனிக்கும் அமிக்டலா விழித்துக்கொள்கிறது. அந்த ‘ஆய்’ கேட்பவரை உலுக்குவதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பேன்.

1969 முதல் 1977 வரை கமரோனுக்குக் கிதார் வாசித்தவர் பாக்கோ தெ லூசியா. இருவரும் சேர்ந்து ஒன்பது ஆல்பங்கள். ஃபிளமெங்கோவில் சுருதியை முடிவு செய்வது பாடகரின் தொண்டைதான். கிதாரின் கழுத்தில் செஹிய்யா என்ற சிறு கவ்வியை எந்தக் கட்டத்தில் மாட்டுவது என்று பாடகர் சொல்வார். ஒரு கட்டம் ஏறினால் அதிர்வெண் 6 சதவீதம் கூடும். மூன்று கட்டம் என்றால் 19 சதவீதம். தொண்டை களைத்த நாளில் கவ்வி கீழே இறங்கும், வயது ஏற ஏறவும் இறங்கும்.

இத்தனைக்கும் அடிப்படை காற்றழுத்தம். பேச 6 முதல் 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அளவு அழுத்தம் போதும். உரக்கப் பாடும்போது அது 30ஐத் தாண்டலாம். கமரோன் விடாமல் புகைத்தவர். நுரையீரல் புற்றுநோய் வந்து 1992 ஜூலை 2 அன்று, 41 வயதில் இறந்தார்.

அப்புறம், அவரைப் போலப் பாட ஆசைப்படும் இளைஞர்கள் பலர் பாட்டு முழுவதும் தொண்டையை நெரிக்கிறார்கள். கீழ் மடிப்புகள் ஒன்றோடொன்று ஓயாமல் மோதினால் அவற்றின் விளிம்பில் கொப்புளம் போலக் கணுக்கள் தடிக்கும்; பிறகு மடிப்புகள் முழுதாக மூடாது, காற்று கசியும், உச்ச ஸ்தாயி கைவிட்டுப் போகும். கமரோனைக் கவனித்துக் கேட்டால், வரியின் உச்சியில் பிசிறு தெறிக்கும், இறங்கும்போது குரல் தெளிந்துவிடும்.