'இளஞ்சிவப்புச் சலவை' என்று எழுதாதீர்கள்

அக்டோபர் வந்துவிட்டால் போதும், மார்பகப் புற்றுநோய் பற்றிய கட்டுரைகளோடு 'இளஞ்சிவப்புச் சலவை' என்ற சொல்லும் வந்துவிடுகிறது. மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வின் அடையாளமான இளஞ்சிவப்பு ரிப்பனைக் காட்டிக்கொண்டே, அந்த நோயோடு தொடர்புடைய ரசாயனங்கள் கலந்த பொருள்களை விற்பதை ஆங்கிலத்தில் பிங்க்வாஷிங் என்கிறார்கள். அதன் தமிழாக்கமாக இதை எழுதுகிறார்கள். முதலில் பார்த்தபோது யாரோ அவசரத்தில் எழுதியது, தானாக உதிர்ந்துவிடும் என்று விட்டுவிட்டேன். உதிரவில்லை. செய்தித் தலைப்பு, மருத்துவக் குறிப்பு, காணொளி விளக்கம் என்று ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதி, இப்போது வேர்விடப் பார்க்கிறது. ஓசை நயம் இல்லை என்பது மட்டும் குறையென்றால் பொறுத்துக்கொள்ளலாம். சொல்லவந்த பொருளையே இது தலைகீழாக்குகிறது.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஒயிட்வாஷ் என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பது. அதிலிருந்து குற்றத்தை மூடி மறைப்பது என்ற பொருளும் வந்தது. துண்டுகளைத் துவைக்கப் போடாமல் மறுபடி பயன்படுத்தி இயற்கையைக் காப்பாற்றுங்கள் என்று விருந்தினர்களைக் கேட்டுக்கொண்ட விடுதிகளைக் கண்டித்து, 1986இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர், வெறும் பசுமை வேடம் என்ற பொருளில், கிரீன்வாஷிங் என்று எழுதினார். அதே அச்சில் வார்த்தது பிங்க்வாஷிங். அதைப் பரப்பியது சான் பிரான்சிஸ்கோவில் 1990இல் தொடங்கப்பட்ட பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன் அமைப்பு. 2002இல் அவர்கள் தொடங்கிய 'திங்க் பிஃபோர் யூ பிங்க்' இயக்கம்தான் இந்தச் சொல்லை நாலு பேர் வாயில் புழங்கவைத்தது.

அவர்கள் தரும் வரையறைக்கு இரண்டு கால்கள். மார்பகப் புற்றுநோயில் அக்கறை உண்டு என்று காட்டிக்கொண்டு இளஞ்சிவப்பு ரிப்பன் போட்ட பொருளை விற்பது முதலாவது. அந்த நோயோடு தொடர்புடைய ரசாயனங்கள் கலந்த பொருள்களை அதே நிறுவனம் தயாரிப்பதோ விற்பதோ இரண்டாவது. இரண்டும் சேர்ந்தால்தான் பிங்க்வாஷிங். நம்மவர்கள் முதல் காலை மட்டும் பிடித்துக்கொண்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் எது விற்பனைக்கு வந்தாலும் இந்தச் சொல்லால் அடிக்கிறார்கள். அதுவும் தவறு. ரிப்பனை வைத்துக் காசு பார்ப்பதை 'இளஞ்சிவப்பு வணிகம்' என்று சொல்லலாம், அது பெரிய வட்டம். பிங்க்வாஷிங் அதற்குள் இருக்கும் சின்ன வட்டம்.

2014இல் நடந்ததைப் பாருங்கள். எண்ணெய்க் கிணறுகளுக்குக் கருவிகள் தரும் பேக்கர் ஹியூஸ் நிறுவனம், பாறையைக் குடையும் ஆயிரம் துளைமுனைகளுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் அடித்து அனுப்பியது. கூடவே அமெரிக்காவின் மிகப் பெரிய மார்பகப் புற்றுநோய் அறக்கட்டளையான சூசன் ஜி. கோமெனுக்கு 1,00,000 டாலர் நன்கொடை. பாறையைப் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் நீரியல் விரிசல் முறையில் நிலத்துக்குள் செலுத்தப்படும் ரசாயனங்களில் புற்றுநோயோடு தொடர்புடையவை இருக்கின்றன என்று எதிர்ப்பு கிளம்பியது. அதற்கு முன், 2011இல், கோமென் அமைப்பே 'ப்ராமிஸ் மீ' என்ற வாசனைத் திரவியத்தைத் தன் பெயரில் விற்றது. அதில் கேலக்ஸோலைட், டொலுவீன் போன்ற தீங்கான ரசாயனங்கள் இருப்பதாக பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன் சுட்டிக்காட்டியது. யோப்லே தயிர்க் கதை இன்னும் பழையது. கிண்ணத்தின் இளஞ்சிவப்பு மூடியைக் கழுவி, தபாலில் அனுப்பினால் மூடிக்குப் பத்து சென்ட் நன்கொடை. நூறு மூடி அனுப்பினால் பத்து டாலர்தான் சேரும். அந்தத் தயிரோ செயற்கை வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்ட மாடுகளின் பாலிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. பெண்கள் விடாமல் கடிதம் எழுதி எழுதி, 2009இல் யோப்லேயைத் தயாரித்த ஜெனரல் மில்ஸ் நிறுவனம் அந்தப் பாலைப் பயன்படுத்துவதை நிறுத்தியது.

இந்த மூன்றில் எதை 'சலவை' என்று சொல்வீர்கள்?

தமிழில் சலவை என்றால் அழுக்கைப் போக்குவது. சலவைக்குப் போட்ட துணி திரும்பி வரும்போது உண்மையிலேயே சுத்தமாக இருக்கும். ஆங்கில வாஷ் என்ற சொல்லுக்குக் கழுவுவது என்றும் பொருள், மெல்லியதாக ஒரு பூச்சு பூசுவது என்றும் பொருள். தமிழ் இந்த இரண்டையும் ஒருபோதும் குழப்பியதில்லை. துணியைத் துவைக்கிறோம், சுவருக்கு வெள்ளையடிக்கிறோம். ஒன்றில் இருந்தது போகிறது, மற்றதில் இல்லாதது ஏறுகிறது. வெள்ளையடித்த சுவரில் விரிசல் அப்படியேதான் இருக்கும். அகராதியில் வாஷ் என்று தேடி முதலில் கிடைத்த பொருளை எடுத்துப் போட்டவர், அந்தச் சொல் எந்த வேலையிலிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. துவைப்பதற்கு நம்மிடம் உள்ள பழைய சொல் வெளுத்தல். சாயம் வெளுத்தது என்றால் வேடம் கலைந்தது, உள்ளே இருப்பது தெரிந்துவிட்டது என்று பொருள். தமிழ் காதுக்குச் சலவையும் வெளுப்பும் உண்மை வெளிப்படும் பக்கத்தில் நிற்கும் சொற்கள். அந்த நிறுவனங்களின் சாயத்தை வெளுக்கச் செய்தவர்கள் கடிதம் எழுதிய பெண்கள். அவர்கள் செய்த வேலையின் பெயரைத் தூக்கி அந்த நிறுவனங்கள் செய்ததற்குச் சூட்டுவது எப்படிப் பொருந்தும்?

பணச்சலவை என்ற சொல் நிலைத்துவிட்டதே, அதைப்போல இதையும் ஏற்றுக்கொள்ளலாமே என்று கேட்கிறார்கள். அடிக்கடி கேட்கும் வாதம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். பணச்சலவை வந்தது லாண்டரிங் என்ற வேறொரு ஆங்கிலச் சொல்லிலிருந்து. அந்தச் சொல் உண்மையிலேயே துணி துவைப்பதைத்தான் குறிக்கிறது. அங்கே உவமையும் சரியாகப் பொருந்துகிறது: கணக்கில் கறுப்பாக இருந்த பணம் பல கைகள் மாறி, கணக்கில் வெள்ளையாக வெளியே வருகிறது, கறை ஏட்டிலிருந்து போய்விடுகிறது. பிங்க்வாஷிங்கில் எந்தக் கறையும் எங்கும் போகவில்லை. டொலுவீன் புட்டிக்குள்ளேயே இருக்கிறது. புட்டியின் மேல் ரிப்பன் ஏறியிருக்கிறது. பேக்கர் ஹியூஸ்காரர்கள் துளைமுனையைத் துவைக்கவில்லை, வண்ணம் பூசினார்கள். பணச்சலவையைப் பார்த்து இதைச் சலவை என்பது, வேறு வேறு பொருளை ஒரே உறையில் போடுவது.

சரி, எதைச் சொல்லலாம்? பூச்சு. இதற்காகப் புதிதாக ஒன்றும் படைக்க வேண்டியதில்லை. குற்றத்தை மறைத்துப் பேசுகிறவரைப் பார்த்து 'பூசி மெழுகாதே' என்கிறோம். மண் பூசிச் சாணத்தால் மெழுகிய தரையில் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. அந்த வேலையிலிருந்தே மூடிமறைத்தல் என்ற பொருள் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒயிட்வாஷ் நடந்த அதே வழியில் தமிழ் தானாகவே நடந்து வந்து நிற்கிறது. மேற்பூச்சு என்றாலே உள்ளொன்று வேறு என்ற எண்ணம் கேட்பவருக்கு வந்துவிடும். ஆகவே பிங்க்வாஷிங் இளஞ்சிவப்புப் பூச்சு. வினையாக வேண்டுமென்றால் இளஞ்சிவப்பு பூசுதல். கிரீன்வாஷிங் பசுமைப் பூச்சு. ஓரினச் சேர்க்கையாளர் உரிமையைக் காட்டி ஒரு அரசு தன் மற்ற அத்துமீறல்களை மறைப்பதற்கும் ஆங்கிலத்தில் பிங்க்வாஷிங் என்றே சொல்கிறார்கள். பூச்சு அங்கேயும் பொருந்தும், சலவை அங்கேயும் பொருந்தாது.

பிங்க்வாஷிங் என்றே ஒலிபெயர்த்து எழுதலாம் என்பாரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ரிப்பன், ஹார்மோன் என்று நானே எழுதுகிறேன். ஆனால் வாஷிங் என்றதும் தமிழ் வாசகர் மனதில் வருவது வாஷிங் மெஷினும் வாஷிங் பவுடரும்தான். மறுபடி துவைக்கும் கல்லுக்கே போய் நிற்கிறோம்.

'இளஞ்சிவப்பு மோசடி' என்று எழுதுபவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்தச் சொல்லை அதற்குரிய இடத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மோசடி சட்டப்படி குற்றம். 2015இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையமும் 50 மாநிலங்களும் சேர்ந்து நான்கு புற்றுநோய் 'அறக்கட்டளைகள்' மேல் வழக்குப் போட்டன. நோயாளிகளுக்கு என்று சொல்லி மக்களிடம் வாங்கிய 18.7 கோடி டாலருக்கு மேற்பட்ட பணத்தில் பெரும்பகுதி நடத்தியவர்களுக்கும் நிதி திரட்டியவர்களுக்குமே போனது என்பது குற்றச்சாட்டு. நான்கில் ஒன்று மார்பகப் புற்றுநோயின் பெயரிலேயே இயங்கியது. அது மோசடி. இளஞ்சிவப்புப் பூச்சு பெரும்பாலும் சட்டத்துக்கு உட்பட்டே நடக்கிறது, எல்லாம் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். 2010இல் கே.எஃப்.சி. கோழி வாளிகள் இளஞ்சிவப்பில் வந்தன, வாளிக்கு 50 சென்ட் கோமெனுக்கு என்று. அந்தப் பணத்தைக் கடைக்காரர்கள் வாளிகளைக் கொள்முதல் செய்தபோதே கட்டிவிட்டார்கள். வாடிக்கையாளர் வாங்குவதால் நன்கொடை நேரடியாகக் கூடாது என்று அவர்களே எழுதியும் வைத்திருந்தார்கள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியும் ஒரு வாளி வாங்கினால் ஒரு பெண்ணுக்கு உதவினோம் என்ற நினைப்போடுதான் மக்கள் வீட்டுக்குப் போனார்கள். மோசடி என்றால் வழக்கறிஞர் வந்து ஒரே வரியில் மறுத்துவிடுவார். பூச்சு என்றால் மறுக்க முடியாது.

இதே கட்டுரைகளில் என்னை இன்னும் அதிகம் வருத்துவது 'வருமுன் காப்போம்' என்ற தலைப்பு. கீழே மேமோகிராம் எந்திரத்தின் படம் இருக்கும். மேமோகிராம் என்பது மார்பக எக்ஸ்ரே, ஏற்கெனவே வந்துவிட்ட நோயைக் கண்டுபிடிப்பது. சீக்கிரம் கண்டுபிடிப்பதால் பயன் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது முன்கூட்டியே கண்டறிதல். வருமுன் காத்தல் அல்ல.

இந்த வேறுபாட்டுக்காகவே பிறந்தது அந்த ரிப்பன். 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்ற பெண்மணி தன் வீட்டிலேயே ரிப்பன்களைச் செய்தார். அவருடைய பாட்டி, சகோதரி, மகள் மூவருக்கும் மார்பகப் புற்றுநோய். அவர் செய்த ரிப்பன் இளஞ்சிவப்பு அல்ல, பீச் பழ நிறம். கூடவே ஒரு அட்டை: தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு நிதி 180 கோடி டாலர், அதில் நோய்த் தடுப்புக்குப் போவது 5 சதவீதம்தான், நம் சட்டமன்றத்தாரை எழுப்ப இந்த ரிப்பனை அணியுங்கள் என்று. 1992இல் செல்ஃப் என்ற பெண்கள் இதழும் எஸ்டீ லாடர் அழகுசாதன நிறுவனமும் அந்த ரிப்பனைக் கேட்டன. அது வணிகமாகிவிடும் என்று ஹேலி மறுத்துவிட்டார். இதழின் வழக்கறிஞர்கள் நிறத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். இன்று உலகம் முழுக்கப் பறக்கும் இளஞ்சிவப்பு அப்படி வந்தது. நிறம் மாறியபோது அட்டையில் இருந்த கேள்வியும் காணாமல் போனது. அக்டோபரை மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாகக் கொண்டாடுவதும் அப்படித்தான். 1985இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தோடு சேர்ந்து அதைத் தொடங்கியது ஐ.சி.ஐ. என்ற பிரிட்டிஷ் ரசாயன நிறுவனத்தின் மருந்துப் பிரிவு, பின்னாளைய ஆஸ்ட்ராஜெனிகா. மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் மருந்தைத் தயாரித்தவர்கள் அவர்கள். நல்ல மருந்து, பலர் உயிரைக் காத்தது. அதே ஐ.சி.ஐ. களைக்கொல்லிகளும் தயாரித்து வந்தது. அந்த மாதத்தின் செய்தி ஆண்டுதோறும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றே இருந்தது, நோய் எதனால் வருகிறது என்று கேளுங்கள் என்று இருக்கவில்லை. இதைத் தமிழில் 'வருமுன் காப்போம்' என்று எழுதுபவர், தன்னையறியாமல் ஹேலியின் அட்டையை இரண்டாம் முறை கிழிக்கிறார்.

சிகிச்சைச் செய்திகளில் இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. அவாஸ்டின் மருந்துக்கு 2008இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மார்பகப் புற்றுநோய்க்கு விரைவு அனுமதி தந்தது. ஆய்வில் நோய் வளராமல் நின்ற காலம் ஐந்தரை மாதம் கூடியிருந்தது. நோயாளிகள் வாழ்ந்த மொத்தக் காலம் கூடியதாக நிறுவப்படவில்லை. அடுத்து வந்த ஆய்வுகளில் அந்தப் பயனும் சுருங்கியது, கடுமையான பக்கவிளைவுகள் தெரிந்தன, 2011 நவம்பரில் அனுமதி ரத்தானது. மருந்து நிறுவனங்களின் பணத்தை வாங்குவதில்லை என்று கொள்கையாக வைத்திருந்த பிரெஸ்ட் கேன்சர் ஆக்‌ஷன் அந்த ரத்தை ஆதரித்தது. ஆய்வறிக்கைகளில் வரும் அந்த முதல் அளவை, அதாவது நோய் வளராமல் நின்ற காலத்தை, நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'ஆயுள் நீட்டிப்பு' என்று எழுதுகிறார்கள். இன்னும் சிலர் 'புரோகிரெஷன் ஃப்ரீ சர்வைவல்' என்ற ஆங்கிலத் தொடருக்குச் சொல்லுக்குச் சொல் வைத்து 'முன்னேற்றமற்ற உயிர்வாழ்வு' என்கிறார்கள். முன்னேற்றம் என்றால் தமிழில் நல்லது நடப்பது. நோய் முற்றுவதை எப்படி முன்னேற்றம் என்பது? ஐந்தரை மாதம் கூடுதலாக வாழலாம் என்பதும், ஐந்தரை மாதம் கட்டி வளராமல் இருக்கலாம் என்பதும், அந்த மருந்துக்குச் சொத்தை விற்கலாமா என்று யோசிக்கும் குடும்பத்துக்கு ஒன்றல்ல. 'நோய் வளராதிருந்த காலம்' என்று எழுதினால் போதும்.