பொட்டேட்டோ சாலட்னா தமிழ்ல என்ன?

ஒரு ஜெர்மன் சமையல் குறிப்பை தமிழ்ல மாத்திக் குடுக்கும்போது பொட்டேட்டோ சாலட்னு வந்த இடத்துல அப்படியே நின்னுட்டேன். சாலட்டுக்கு ‘பச்சைக் காய்கறிக் கலவை’ன்னு எழுதுறது நம்ம வழக்கம், ஆனா கிழங்கை யாரு பச்சையா சாப்பிடுறாங்க? வெள்ளரிக்கும் தக்காளிக்கும் பொருந்துற பேரு இதுக்குப் பொருந்தல. அப்போ சாலட்ங்கிற சொல்லுக்கு உண்மையிலயே பச்சைன்னு அர்த்தம் இருக்கான்னு தேடிப் பார்த்தா, இல்லவே இல்ல.

லத்தீன்ல ‘சால்’னா உப்பு. உப்புத்தண்ணி, எண்ணெய், வினிகர்னு சேர்த்துப் பெசஞ்ச கீரையை ‘உப்பு போட்டது’ங்கிற அர்த்தத்துல சொல்லப் போய்தான் ‘சலாத்தா’ வந்துச்சு, அது பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்குப் போய் நம்மகிட்ட சாலட்டா வந்து சேர்ந்துச்சு. சாஸ், சல்சா, சலாமி எல்லாமே அதே உப்புலேருந்து பொறந்த சொந்தக்காரங்கதான். நம்ம ஊர்லயும் உப்புமா, உப்புக்கண்டம்னு உப்பை வச்சு பேரு வைக்கிற பழக்கம் உண்டே, அதே மாதிரின்னு வச்சுக்கோங்க.

பொட்டேட்டோ கதை இன்னும் நீளம். கிழங்கோட சொந்த ஊரு தென்னமெரிக்காவுல ஆண்டிஸ் மலை, அங்க கெச்சுவா மொழில அது ‘பாப்பா’. கரீபியன் தீவுகள்ல சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு ‘பட்டாட்டா’ன்னு பேரு. ஸ்பெயின்காரங்க ரெண்டையும் கொழப்பி ‘பத்தாத்தா’ ஆக்கிட்டாங்க, அதுலேருந்துதான் பொட்டேட்டோ. மும்பைல படாட்டா வடான்னு விக்கிறாங்களே, அந்த படாட்டாவும் போர்ச்சுகீஸ் வழியா வந்த அதே சொல்தான். ஜெர்மன்ல ‘கார்டோஃபல்’, அது மண்ணுக்கடியில வெளையிற ஒரு காளானோட இத்தாலியப் பேருலேருந்து வந்தது. டச்சுல ‘ஆர்டாப்பல்’, மண் ஆப்பிள்னு அர்த்தம், இலங்கைல சிங்களத்துல இன்னைக்கும் உருளைக்கிழங்கு ‘அர்தாபல்’தான். நாமளும் யாருகிட்டயும் கடன் வாங்காம, உருண்டையா இருக்கு, கிழங்கா இருக்கு, உருளைக்கிழங்குன்னு வச்சுட்டோம். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

சரி, தட்டுல என்ன இருக்குன்னு பாத்தாதான் பேரு வைக்க முடியும். வட ஜெர்மனில பொதுவா மயோனைஸ் போடுவாங்க, தெற்க போனா மயோனைஸே கிடையாது. ரொம்ப மாவா கொழஞ்சு போகாத கிழங்கா பாத்து தோலோட வேகவச்சு, கை சுடச் சுட உரிச்சு, மெல்லிசா வில்லை போட்டு, அது மேல சூடான இறைச்சி ரசத்தையும் வினிகரையும் உப்பையும் ஊத்தி அப்படியே விட்டுடுவாங்க. சூட்டுல இருக்கும்போது கிழங்கு அந்தத் தண்ணிய நல்லா இழுத்துக்கும், ஓரத்துல இருக்குற மாவு கொஞ்சம் கரைஞ்சு தானாவே கெட்டியா வழவழன்னு ஆயிடும், எண்ணெய் கடைசியிலதான். ஆறுன கிழங்குல ஊத்திப் பாத்தேன், உப்பும் புளிப்பும் மேலயே நின்னுடுச்சு, உள்ள வெறும் கிழங்கு. சாலட்டுங்கிற சொல்லுக்குள்ள இருக்குற அந்த உப்புக்கு அன்னைக்குதான் எனக்கு அர்த்தம் புரிஞ்சுது.

ஜப்பான்ல சுருக்கமா ‘பொடேசாரா’. கிழங்கை பாதி மசிச்சு, வெள்ளரிய மெலிசா நறுக்கி உப்பு பெசறி தண்ணியப் பிழிஞ்சு எடுத்து, கேரட் ஹாம் எல்லாம் போட்டு மயோனைஸ்ல கலப்பாங்க, சின்னச் சின்ன மதுக்கடைகள்ல எல்லாம் இது உண்டு.

ரஷ்யாவோடது தனிக் கதை. 1860கள்ல மாஸ்கோவுல எர்மிட்டாஜ்னு ஒரு உணவகம், அங்க லூசியன் ஒலிவியேன்னு ஒரு சமையல்காரர் செஞ்சதால ரஷ்யாவுல இன்னைக்கும் அது ஒலிவியே சாலட்தான், புத்தாண்டுக்கு அது இல்லாத வீடே பெரும்பாலும் இருக்காது, ஈரான்லயும் கோழிக்கறி சேர்த்து அதே பேருலதான் செய்றாங்க. ஆனா ஸ்பெயின்ல அது ‘ரஷ்ய சாலட்’, குரோஷியால ‘பிரெஞ்சு சாலட்’. ஆளாளுக்கு அடுத்த ஊரு பேரை வச்சிருக்காங்க.

இப்போ தமிழுக்கு வருவோம். கோசுமல்லின்னு சொல்லலாம்னு முதல்ல நெனச்சேன், ஆனா பாதி ஊர்ல அது பாசிப்பருப்பும் வெள்ளரியும் போட்டது, செட்டிநாட்டுப் பக்கம் போனா கத்தரிக்காய வேகவச்சு மசிச்சு புளி விட்டுச் செய்றது, அதனால கொழப்பம்தான் மிஞ்சும். கலவைன்னா சிமெண்ட் கலவை ஞாபகம்தான் எனக்கு வருது. இலங்கைத் தமிழ்ல சலாதுன்னு ஒரு அழகான வடிவம் இருக்கு, அங்க அதையே எழுதலாம்.

என் ஓட்டு பச்சடிக்கு. பச்சைலேருந்து வந்த சொல்தானே, வேகவச்ச கிழங்குக்கு எப்படின்னு கேப்பீங்க. மாங்காய் பச்சடிய வெல்லம் போட்டு கொதிக்க வச்சுதானே செய்றோம், அதுல தயிரும் கிடையாது, இருந்தும் அதை யாரும் பச்சடி இல்லன்னு சொல்றதில்ல. சாலட் எப்படி உப்பைத் தாண்டி வந்துச்சோ அப்படி பச்சடியும் பச்சையத் தாண்டி எப்பவோ வந்துடுச்சு. அதோட உருளைக்கிழங்க வேகவச்சு தயிர்ல போட்டு கடுகு தாளிச்சு உருளைக்கிழங்குப் பச்சடின்னு நம்ம வீடுகள்ல ஏற்கனவே செய்றதுதான். அதனால அந்தக் குறிப்புல ‘ஜெர்மன் உருளைக்கிழங்குப் பச்சடி’ன்னு எழுதி, கீழேயே தயிர் சேர்க்க வேண்டாம், வினிகர்தான்னு ஒரு வரி போட்டுக் குடுத்துட்டேன்.