ஒரு மாத கான்: கசான் அரியணை ஏன் நிலைக்கவில்லை?

1546ஆம் ஆண்டில் இரண்டாம் முறையாகக் கசானின் கானாக, அதாவது ஆட்சியாளராக, அமர்ந்த ஷா அலி, ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே உயிர் தப்பினால் போதுமென்று நகரைவிட்டு ஓடினார். அவரை மாஸ்கோவின் கைப்பாவை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் மாஸ்கோவை எதிர்த்த கான்களும் அதே அரியணையிலிருந்து விரட்டப்பட்டதற்கு அது விளக்கமாகாது.

வோல்கா நதிக்கரையிலிருந்த இந்த முஸ்லிம் அரசில், ஆளும் உரிமை ஓரிடத்திலும் ஆளும் வலிமை வேறிடத்திலும் இருந்தன. செங்கிஸ் கானின் ஆண்வழியில் பிறந்தவரே கானாக முடியும். நிலமும் குதிரைப்படையுமோ ஷிரின், பாரின், அர்கின், கிப்சாக் ஆகிய குலங்களின் தலைவர்களான கராச்சி பெக்குகளிடம் இருந்தன. தாங்கள் கானாக முடியாத பெக்குகளால், கானை மாற்ற முடிந்தது.

1518இல் முகம்மது அமீன் வாரிசின்றி இறந்தபின், கான்களை வெளியிலிருந்தே வரவழைக்க வேண்டியதாயிற்று. 1519இல் மாஸ்கோவின் ஆதரவிலிருந்த தாதர் சிற்றரசான காசிமோவிலிருந்து 13 வயது ஷா அலி வந்தார். 1521இல் அவரை விலக்கிவிட்டு, கிரீமியாவின் சாஹிப் கிரேயைப் பெக்குகள் அமர்த்தினர். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. வெளியிலிருந்து வந்த கானுக்கு உள்ளூரில் வேரில்லாததால், உடன் வந்த படையாட்களையே அவர் நம்பவேண்டியிருந்தது. அவர்களுக்குப் பதவியும் வருவாயும் தரத்தர, பெக்குகள் மனக்கசப்புற்று அடுத்த கானைத் தேடினர். சாஹிப் கிரேக்குப் பின்னர் கானான அவருடைய அண்ணன் மகன் சஃபா கிரே, கிரீமியர்களுக்குக் காட்டிய சலுகைகளாலேயே 1546இல் விரட்டப்பட்டார். ஷா அலி வந்தார். சஃபா கிரே, புல்வெளி நாடோடிகளான நோகாய்களின் துணையோடு திரும்பிவந்து, எதிரணித் தலைவர்கள் பலரைக் கொன்றார்.

1549இல் அவர் இறந்தபோது, மகன் உத்தமிஷுக்கு வயது இரண்டு. தாய் சூயும்பிகே ஆட்சியை நடத்தினார். 1551இல் மாஸ்கோ, உக்லிச் பகுதியில் மரங்களை வெட்டிச் சுவர்களையும் கோபுரங்களையும் முன்கூட்டியே செய்து, பிரித்து, வோல்காவில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து, கசானுக்கு அருகே ஸ்வியாஜ்ஸ்க் கோட்டையைச் சுமார் நான்கு வாரங்களில் எழுப்பியது. தாயும் மகனும் மாஸ்கோவிடம் ஒப்படைக்கப்பட, ஷா அலி மூன்றாம் முறையாகக் கானானார். ஆனால் வோல்காவின் வலக்கரையை மாஸ்கோ தன்னிடமே வைத்துக்கொண்டதால், அவரை ஏற்றவர்களுக்கும் அந்த ஆட்சியால் பயனில்லாமல் போயிற்று. 1552 மார்ச்சில் அவர் வெளியேறியதும், கசானியர் அஸ்ட்ரகான் மரபினரான யாதிகார் முகம்மதை வரவழைத்தனர். அவரும் வெளியூர்க்காரரே, அக்டோபரில் மாஸ்கோ மன்னர் நான்காம் இவானின் படை கசானைக் கைப்பற்றி அவரைச் சிறைபிடித்தது.