மட்காத குழிகள்: எவரெஸ்ட் அடிவாரத்தின் கழிவுச் சிக்கல்

எருக்குழியைக் கிளறினால் உள்ளிருந்து சூடாக ஆவி எழும். சாணத்தையும் சருகையும் தின்று செரிக்கும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் வெப்பம் அது. நேபாளத்தில் எவரெஸ்ட் சிகரம் நிற்கும் சாகர்மாதா தேசியப் பூங்காவின் மேற்பகுதிக் குழிகளில் அந்தச் சூடு எழுவதே இல்லை.

1976-இல் உருவான இந்தப் பூங்காவுக்கு இப்போது ஆண்டுக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வருகிறார்கள். பலரும் லுக்லாவில் விமானம் விட்டிறங்கி, நாம்சே பஜார் வழியாக அடிவார முகாம்வரை நடக்கிறார்கள். குவிந்து கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களைப் படங்களில் பார்த்திருப்போம். அவற்றையாவது பொறுக்கிக் கீழே கொண்டுவரலாம். எனக்கு அதைவிடக் கவலை தருவது மனித மலம்.

சுமார் 5,360 மீட்டர் உயரத்திலுள்ள அடிவார முகாம், நகர்ந்துகொண்டே இருக்கும் கும்பு பனியாற்றின் மேல் இருக்கிறது. அங்கே குழி வெட்ட முடியாது. அதனால் கழிவைப் பீப்பாய்களில் சேர்த்து, சுமைதூக்கிகள் முதுகில் சுமந்துபோய், கடைசிக் குடியிருப்பான கோரக் ஷெப் அருகே குழிகளில் கொட்டி வந்திருக்கிறார்கள்.

சரி, குழியில் போட்டால் மட்கிவிடாதா? ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறைகிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் நுண்ணுயிர்களின் வேலை வேகம் தோராயமாகப் பாதியாகிறது. உறைநிலைக்குக் கீழே அநேகமாக நின்றேபோகிறது. போதாததற்குத் தரை வெறும் கல்லும் சரளையும். செரிக்கவைக்கும் வளமான மண் கிடையாது. ஆகவே கொட்டியது கொட்டியபடி உறைந்து கிடக்கும். உறைந்தால் கிருமிகள் எல்லாம் செத்துவிடும் என்றும் சொல்ல முடியாது, பல பிழைத்துக்கொள்ளும். பனி உருகி மழையும் சேரும்போது, சரளை வழியாகக் கசிந்து, கீழேயுள்ள ஷெர்பா ஊர்களின் தண்ணீரில் கலக்கும் அபாயம் இருக்கிறது.

முகாமுக்கு மேலே நிலைமை இன்னும் மோசம். அங்கே பனியில் குழி பறித்து மூடிவிட்டு வருவதுதான் நெடுநாள் வழக்கம். பனியாறு அதை மெல்லக் கீழே இழுத்துவந்து, ஆண்டுகள் பல கழித்து வெளியே தள்ளிவிடும். 2024-இல்தான் உள்ளூர் நிர்வாகம், மலையேறுபவர்கள் கழிவைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும் என்று விதித்தது. இது எப்போதோ வந்திருக்க வேண்டிய விதி.

மட்குவதைத் தடுக்கும் அதே குளிர் வளர்வதையும் தடுக்கிறது. உயரத்தில் வளரும் ஜூனிபர் புதர்கள் விரலளவு தடிக்கவே நெடுங்காலம் ஆகும். பயணிகளுக்குச் சமைக்கவும் குளிர்காயவும் அவற்றை வெட்டி எரித்தால், மண்ணைப் பிடித்துவைக்க வேரில்லாமல் சரிவு அரிக்கத் தொடங்கிவிடும்.

இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி முன்வைக்கப்பட்டிருக்கிறது: கோரக் ஷெப்பில் சாண எரிவாயுக் கலம் போன்ற ஒன்றை அமைப்பது. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் 35 டிகிரி வாக்கில் நன்றாக வேலை செய்யும். அந்தச் சூட்டை அங்கே காற்று தராது, வெயில் தரும். சூரிய மின்சாரத்தைப் பகலில் சேமித்து, இரவிலும் கலத்தைக் கதகதப்பாக வைத்திருந்தால் கழிவு செரிக்கும். வெளிவரும் வாயுவை விடுதி அடுப்புக்குக் கொடுத்துவிடலாம், ஜூனிபரை வெட்டாமலே.