மூணு கொதி வந்தாலும் நைட்ரேட் போகாது

போன மாதம் மூன்று மாதக் குழந்தை ஒன்றை அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். உதடு சாம்பல் பூத்திருந்தது. ஆக்சிஜன் வைத்தோம், ரத்தத்தில் அதன் அளவு 85 சதவீதத்தைத் தாண்டி ஏறவே இல்லை. நெஞ்சில் சளி இல்லை, இதயத்திலும் கோளாறு இல்லை. ஊசியில் எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்ததைப் பார்த்ததும் பெற்றோரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருது?"

வீட்டுக் கிணறு. நான்கு மாதத்துக்கு முன்தான் வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறார்கள். சோதித்தீர்களா என்றால் அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேரனைப் பார்த்துக்கொள்ளக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பாட்டிதான் பதில் சொன்னார்: "டாக்டரம்மா, மூணு கொதி வந்தப்புறம்தானுங்க ஆத்திப் பால் பவுடர் கலக்குறேன். பச்சைத் தண்ணியே குடுத்ததில்லைங்க."

குழந்தையைப் படுக்கவைத்தது அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருந்த நைட்ரேட். அது குழந்தையின் ரத்தத்தை ஆக்சிஜனைச் சுமக்க விடாது, உடல் நீலம் பாரிக்கும். பாட்டியின் இந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். குழந்தை நீலம் பாரிக்கும் அளவுக்குப் போவது இப்போது அபூர்வம். ஆனால் "கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம்" என்பதை வாரம் தவறாமல் கேட்கிறேன்.

நான் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கிராமப்புறக் கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒன்றில் குழந்தை மருத்துவர். டாக்டர்கள் குறைவான பகுதியில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும் என்ற விசா நிபந்தனையோடு வந்தவள், இங்கேயே தங்கிவிட்டேன். வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு, ஐந்து ஏக்கரோடு ஒரு வீடு வாங்கிக்கொண்டு நம் குடும்பங்களும் இந்தப் பக்கம் வருகின்றன. வந்த முதல் வாரமே மின்சாரக் கூட்டுறவுக்குப் போன் போட்டு இணைப்பைப் பெயர் மாற்றுகிறார்கள். புரொப்பேன் கேஸ் தொட்டியை நிரப்பச் சொல்கிறார்கள், குப்பை வண்டிக்காரரைப் பிடிக்கிறார்கள், இன்டர்நெட்டுக்கு அலைகிறார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் கூப்பிட ஓர் ஆள் இருக்கிறார், மாதாமாதம் பில்லும் வருகிறது. தண்ணீர் மட்டும் குழாயைத் திறந்ததும் வந்துவிடுகிறது. அதனாலேயே அதைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

அமெரிக்கா ஆயிற்றே, அரசாங்கம் சோதிக்காமலா விடும் என்று நினைக்கிறீர்கள். விட்டுவிடும். 1974-இல் வந்த குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம், குறைந்தது 15 இணைப்புகளோ 25 பேரோ உள்ள பொதுக் குடிநீர் அமைப்புகளுக்குத்தான். உங்கள் வீட்டுக் கிணறு அதில் சேராது. வீடு கைமாறும்போது செப்டிக் டேங்க்கைச் சோதிக்க வேண்டும் என்று அயோவாவில் 2009 முதல் சட்டம் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. வீடு விற்றுக்கொடுப்பவர் "நல்ல தண்ணி" என்று சொன்னால் ருசியைத்தான் சொல்கிறார். நைட்ரேட்டுக்கு ருசியும் கிடையாது, மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

சுற்றிலும் மக்காச்சோளம், சோயா, பன்றிப் பண்ணைகள். வயலுக்குப் போடும் உரம், சாணம், பழுதான செப்டிக் டேங்க் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வருகின்றன. ஆழம் குறைந்த பழைய கிணறாக இருந்தால் இன்னும் சுலபமாக வரும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் ரத்தத்தால் இதைச் சமாளிக்க முடியாது. கிணற்று நைட்ரேட்டால் குழந்தைகள் நீலம் பாரிப்பதை ஹன்டர் காம்லி என்ற மருத்துவர் 1945-இலேயே எழுதிவைத்தார். அவர் எழுதியதும் இதே அயோவாவில் பார்த்த குழந்தைகளைப் பற்றித்தான்.

சரி, கொதிக்கவைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கொதித்தால் கிருமி சாகும். நைட்ரேட் உயிருள்ள பொருள் அல்ல, சாவதற்கு. அது ஓர் உப்பு. ரசத்தைச் சுண்டவிட்டால் உப்புக் கரிக்கிறதே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு பாத்திரத்திலேயே நிற்கும். இங்கே வரம்பு, நைட்ரஜன் கணக்கில், லிட்டருக்கு 10 மில்லிகிராம். உங்கள் கிணற்றில் 8 இருக்கிறது, வரம்புக்குள்தான். ஒன்றரை லிட்டரை அடுப்பில் வைத்து ஒரு லிட்டராகச் சுண்டவிட்டால் அது 12. ஆறிப்போனதென்று மறுபடி சுடவைத்தால் இன்னும் ஏறும். ஓமத்தண்ணீர் காய்ச்சினாலும் கணக்கு இதேதான். அதிக அக்கறையோடு அதிக நேரம் கொதிக்கவைக்கும் வீட்டுக் குழந்தைக்கே அதிக நைட்ரேட் போகிறது. தயவுசெய்து இதை உங்கள் அம்மாவுக்கும் மாமியாருக்கும் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லுங்கள். திட்டிச் சொல்லாதீர்கள். நம் ஊரில் எத்தனையோ பிள்ளைகளைப் பேதியிலிருந்து காப்பாற்றிய பழக்கம் அது. இந்தக் கிணற்றுக்குத்தான் அது பொருந்தவில்லை.

ஃபிரிட்ஜில் வைக்கும் கரி ஃபில்டர் ஜாடி நைட்ரேட்டை எடுக்காது. கடின நீரை மென்மையாக்கும் வாட்டர் சாஃப்ட்னர் எடுக்காது. குளோரின் போட்டாலும் போகாது. சமையலறைத் தொட்டிக்கு அடியில் பொருத்தும் ஆர்.ஓ. எடுக்கும், அதன் சவ்வை மறக்காமல் மாற்றினால்.

முதலில் ஒன்று பாருங்கள்: தண்ணீருக்கு பில் வருகிறதா? வந்தால் கிராமப்புறக் குடிநீர்ச் சங்கத்தின் இணைப்பாக இருக்கும்; அவர்கள் சோதிக்கிறார்கள், வருடம் ஒருமுறை அறிக்கையும் தருவார்கள். பில் வராவிட்டால் கிணறு உங்களுடையது, சோதிக்கும் பொறுப்பும் உங்களுடையது. கவுன்ட்டி சுகாதார அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். அயோவாவில் தனியார் கிணறுகளைச் சோதிக்க மாநில நிதி கவுன்ட்டிகளுக்கு வருகிறது. பெரும்பாலும் உங்கள் கையிலிருந்து காசு போகாது. நைட்ரேட், கிருமி இரண்டையும் கேளுங்கள். ஆர்செனிக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாட்டில் நீங்களே நிரப்புவதாக இருந்தால் அதைக் கழுவாதீர்கள், மூடியின் உள்பக்கம் கைபடக் கூடாது.

முடிவு வந்ததும் அலகைப் பாருங்கள். நைட்ரஜன் கணக்கில் 10 என்பதும் நைட்ரேட் கணக்கில் 45 என்பதும் ஒன்றுதான். நைட்ரேட் கணக்கில் 30 என்று தாளில் கண்டு பதறி ஓடிவந்தவர்களும் உண்டு, நைட்ரஜன் கணக்கில் 14 என்று கண்டு நிம்மதியாக இருந்தவர்களும் உண்டு. முதலாமவருக்கு ஆபத்தில்லை, இரண்டாமவருக்கு இருந்தது. புரியவில்லையென்றால் தாளை எங்களிடம் எடுத்து வாருங்கள், அதற்குத்தான் இருக்கிறோம். வருடம் ஒருமுறை சோதியுங்கள். வெள்ளம் வந்தாலோ கிணற்றில் வேலை பார்த்தாலோ உடனே மறுபடியும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பிரசவம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

முடிவு கைக்கு வரும்வரை பால் பவுடர் கலக்கக் கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அம்மா குடிக்கும் தண்ணீர் வழியே இந்த ஆபத்து வருவதில்லை. ஆறு மாதம்வரை தனியாகத் தண்ணீரும் வேண்டாம், ஒரு சங்கு கூட வேண்டாம்.

இன்னொன்று. "நீலம்" என்றதும் கன்னத்தைப் பார்க்காதீர்கள். நம் குழந்தைகளின் மாநிறத்தில் அது தெரியாது. நாக்கு, ஈறு, உள் உதடு, நகக்கண் ஆகியவற்றைப் பாருங்கள். சாம்பலாகவோ பழுப்பாகவோ இருந்து குழந்தையும் சோர்ந்திருந்தால் 911-ஐக் கூப்பிடுங்கள். கிணற்றுத் தண்ணீர் என்பதை வாயைத் திறந்ததும் சொல்லுங்கள். நகரத்து மருத்துவமனையில் அதை யாரும் கேட்காமல் போகலாம். தெருமுனையில் உங்கள் வீட்டு எண் பலகை இரவில் தெரிகிறதா என்பதையும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் அதை நம்பித்தான் வருகிறது.

அந்தக் குழந்தைக்கு மெத்திலீன் புளூ என்ற மருந்தைக் கொடுத்து ஒரு மணி நேரத்துக்குள் உதடு சிவந்துவிட்டது. கிணற்றில் 27 இருந்தது, நைட்ரஜன் கணக்கில். பாட்டி இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று மருமகள் சொன்னாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இது உங்கள் தப்பில்லை அம்மா, யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்றேன். நான்காம் மாதத் தடுப்பூசிக்கு வரும்போது, ஆர்.ஓ. பொருத்தியபின் எடுத்த சோதனைத் தாளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.